பையை விட்டு வெளியே வராத அந்துப்பூச்சி

பாகான் செராயில் நெல் வயல்களைத் தாண்டிச் செம்பனைத் தோட்டப் பக்கம் போகும் மாணவர்களே, தாழ்வான ஓலைகளின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், சுருண்ட சருகு போல ஏதாவது தொங்கினால் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு புழு இருக்கலாம். மலாயில் இதன் பெயர் ‘ஊலாட் புங்குஸ்’. கடையில் சோறு ‘புங்குஸ்’ கட்டுகிறோமே, அதே சொல்தான். தமிழில் பைப்புழு எனலாம்.

இது சைக்கிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இக்குடும்பத்தில் 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. முட்டையிலிருந்து வந்த புழு, தன் வாயில் சுரக்கும் பட்டு நூலால் இலைத் துணுக்குகளை ஒட்டிப் பை கட்டிக்கொள்கிறது. வளர வளரப் பையையும் பெரிதாக்கும். தின்னும்போது தலையும் கால்களும் மட்டும் வெளியே நீளும்.

மலேசியச் செம்பனைக்குத் தொல்லை தருபவை முக்கியமாக மூன்று இனங்கள். பையைப் பார்த்தே ஓரளவு அடையாளம் காணலாம். மகாசேனா கார்பெட்டியின் பை பெரியது. அதில் இலைத் துண்டுகள் சிலிர்த்து நிற்கும். ப்டெரோமா பெண்டுலாவின் பை நீண்ட நூலில் ஆடும். ‘பெண்டுலா’ என்றாலே தொங்குவது என்றுதான் பொருள். மூன்றாவது, அதிகச் சேதம் செய்யும் மெட்டிசா பிளானா.

மெட்டிசாவின் ஆண், சிறகு முளைத்துப் பறக்கும். பெண்ணுக்குச் சிறகே இல்லை. பார்த்தால் புழு மாதிரிதான் இருக்கும். அது பைக்குள்ளேயே இருந்து வாசனையால் ஆணை அழைத்து, அங்கேயே நூற்றுக்கு மேல் முட்டையிட்டு மடிகிறது. பிறகு எப்படி இதை அந்துப்பூச்சி என்கிறோம்? வகைப்பாட்டில் ஒரு பருவத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆணின் செதில் படர்ந்த சிறகு, புழுவின் உடலமைப்பு, கூட்டுப்புழுப் பருவம் எல்லாம் சேர்ந்துதான் அதன் குடும்பத்தைச் சொல்கின்றன.

தாய் பறக்காவிட்டாலும் குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கி, காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். புழுக்கள் பெருகினால் ஓலைகள் தீய்ந்தது போலக் காயும், குலைகள் குறையும்.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்களில் டிடிடி போன்ற கடும் மருந்துகளைத் தெளித்தார்கள். புழுவைப் பை காப்பாற்றியது. செத்ததெல்லாம் புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவிகள்! பைப்புழு முன்னைவிடப் பெருகியது. இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் பூச்சியியலாளர் பிரையன் வூட்.

இன்று புழு தின்னும் ஓலையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைத் தெளிக்கிறார்கள். அது குளவிகளைக் கொல்வதில்லை. பல தோட்டச் சாலைகளின் ஓரத்தில் மஞ்சள் பூக் காசியாவும், இளஞ்சிவப்புப் பூக்கொடியான ஆன்டிகோனானும் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டவை அல்ல அவை. குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டவை.