உங்களுக்குத் தெரியுமா? மெட்டல் டிடெக்டருக்கு ஏற்ற ஹெட்போன்

மண்ணுக்கடியில் நாணயம் தேடுபவருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். ஆழத்தில் கிடக்கும் சிறு காசுக்கு டிடெக்டர் எழுப்பும் மெல்லிய ஒலி, காற்றிலும் அலையோசையிலும் கரைந்துவிடும், அதனால்தான் ஹெட்போன். ஆனால் வீட்டில் இருப்பதை அப்படியே செருகிவிட முடியாது. பல டிடெக்டர்களில் இருப்பது 6.35 மி.மீ. துளை. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்புப் பலகைகளுக்காகப் பிறந்த அளவு அது! கைப்பேசி ஹெட்போனின் முனையோ 3.5 மி.மீ. இடையில் ஒரு சிறிய அடாப்டர் வேண்டும். மோனோ துளையில் ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகினால் ஒரு காதில் மட்டுமே ஒலி வரும். அதைச் சரிசெய்யவும் தனி அடாப்டர் உண்டு.

சாதாரண புளூடூத் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒலி 0.2 விநாடி தாமதித்தாலே போதும், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் டிடெக்டரின் தேடுசுருள் (காயில்) 20 செ.மீ. தாண்டிப் போயிருக்கும். காசு ஓரிடம், தோண்டுவது வேறிடம்! தாமதம் குறைந்த ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி என்ற புளூடூத் நுட்பத்தில் இது சுமார் 0.04 விநாடிதான். ஆனால் ஒலியை அனுப்பும் கருவி, ஹெட்போன் இரண்டிலுமே அந்த நுட்பம் இருந்தாக வேண்டும்.