சுவர் சுமக்கிறதா, சும்மா நிற்கிறதா?

புது வீட்டுக்குப் படம் போடுவதைவிடப் பழைய வீட்டைப் புதுப்பிப்பதுதான் கஷ்டம் என்று ஆர்க்கிடெக்டும் சொல்வார், மேஸ்திரியும் சொல்வார். அவர்கள் இருவரும் ஒத்துப்போகும் விஷயங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. காலி மனை என்றால் மண்ணைச் சோதிக்கலாம், கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்யலாம், தூண்களை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். தாத்தா காலத்து வீட்டிலோ இந்த முடிவுகளையெல்லாம் யாரோ எப்போதோ எடுத்து முடித்துவிட்டார்கள். எதையும் எழுதிவைக்கவில்லை. அனுமதிக்காகப் போட்ட படம் பீரோவில் கிடைத்தாலும் அதை நம்ப முடியாது. படத்தில் இருப்பது ஒன்று, கட்டியது இன்னொன்று. அதனால் முதலில் துப்பறிய வேண்டும். வடிவமைப்பெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட முடியுமா?" இதற்குப் பதில் சொல்ல, அந்தச் சுவர் எதையாவது சுமக்கிறதா, இல்லை சும்மா நிற்கிறதா என்று தெரியவேண்டும். தூணும் உத்தரமுமாகக் கட்டிய கான்கிரீட் சட்டக வீட்டில் சுவர்கள் வெறும் தடுப்புதான். பாரம் தளத்திலிருந்து உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து மண்ணுக்கும் போய்விடும். சென்ற தலைமுறையில் நம் ஊர்களில் கட்டிய சிறு வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. அங்கே தூணே கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தூண்.

அந்தச் சுவர் தாங்குவது எவ்வளவு? 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் மட்டும் கிட்டத்தட்ட மூன்றரை டன். ஆட்கள், கட்டில், பீரோ என்று வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கு வைப்பார்கள். அதில் இன்னும் இரண்டு டன்னுக்கு மேல் சேரும். 10 அடி உயரமுள்ள ஒன்பது அங்குலச் சுவர், ஒவ்வொரு அடி நீளத்துக்கும் தானே 400 கிலோ இருக்கும். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது ஒரு டன். இத்தனையும் ஏதோ ஒரு வழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.

அந்த வழியைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. மரக்கட்டை போட்ட கூரையானால் கட்டைகளின் நுனி எந்தச் சுவரில் புதைந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாலே போதும். கான்கிரீட் தளத்தில் கம்பி உள்ளே மறைந்திருக்கும். ஆனால் நீள அறையில் தளம் குறுகிய பக்கமாகத்தான் பாரத்தைக் கடத்தும் என்பதால் நீளச் சுவர்கள் இரண்டும் அதிகம் சுமக்கின்றன என்று ஊகிக்கலாம். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். இந்தப் 'பெரும்பாலும்' ஆபத்தான சொல். தளம் காலப்போக்கில் கொஞ்சம் தொய்ந்து, கீழே பிற்பாடு எழுப்பிய மெல்லிய சுவர் மேல் உட்கார்ந்திருக்கலாம். மாடியில் அதே கோட்டில் ஒரு சுவர் நிற்கலாம். சந்தேகம் இருந்தால் சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்திப் பார்ப்பார்கள். இந்தச் சின்ன வேலைக்குப் பொறுமை இல்லாதவரிடம் பெரிய வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

சுமக்கும் சுவரையும் எடுக்க முடியும், முறை தெரிந்தால். முதலில் இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்துத் தளத்தைத் தாங்குவார்கள். மாடிச் சுவரை எடுப்பதானால் கீழ்த்தளத்திலும் அதே இடத்தில் ஜாக்கி வேண்டும், இல்லாவிட்டால் மாடியின் பாரம் கீழ்த் தளத்தின் நடுவில் இறங்கிவிடும். பிறகு சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரும்பு உத்தரமோ கான்கிரீட் உத்தரமோ நுழைப்பார்கள். பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் 12 அடி நீளத்துக்குப் பரவியிருந்த பாரம் இப்போது உத்தரத்தின் இரண்டு நுனிகளில் குவிகிறது. அந்த நுனிகளுக்குக் கீழே இருக்கும் பழைய செங்கல் நொறுங்காமலிருக்கக் கான்கிரீட் பெட் பிளாக் வைக்கவேண்டும். அதற்கும் கீழே கடைக்கால் இந்தக் குவிந்த பாரத்தைத் தாங்குமா என்று தோண்டிப் பார்க்கவேண்டும். ஹாலை அகலமாக்கத் தொடங்கிய வேலை மண்ணுக்குள் போய் முடிவது இப்படித்தான்.

சென்னை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வேறொரு கூரையும் இன்னும் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று அதற்குப் பெயர். சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். பர்மாத் தேக்காக இருந்தால் இன்றைக்கும் கருக்குக் குலையாமல் இருக்கும். அவற்றின் மேல் அச்சுக்கல் எனப்படும் சிறிய, மெல்லிய செங்கற்களை நிறுத்தி வைத்து, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சென்ட்ரிங் பலகை கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டோடு.

சுண்ணாம்பு, சிமெண்டைவிட இளகிய சரக்கு. வெயிலில் கூரை விரிந்து சுருங்கும்போது கொஞ்சம் இணங்கிப் போகும், ஈரத்தை உள்வாங்கினாலும் திரும்ப வெளியே விடும். இதைப் புரிந்துகொள்ளாமல், ஒழுகுகிறது என்றவுடன் மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டுவிடுகிறார்கள். சிமெண்ட் இணங்காது, மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே போக வழியின்றி உள்ளேயே தங்கும். முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை நுனி. வெளியே பார்த்தால் தேக்கு பளபளப்பாக இருக்கும், உள்ளே குச்சியால் குத்தினால் போய்க்கொண்டே இருக்கும். அனுபவசாலிகள் பழைய மச்சில் தட்டோட்டைப் பெயர்த்து, சுண்ணாம்பு ஜல்லியைச் சரிசெய்து, மறுபடி தட்டோடே பதிக்கச் சொல்வார்கள். இதற்கு இன்று ஆள் கிடைப்பது அரிது என்பதும் உண்மை.

சுவரில் வெடிப்பு கண்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள். எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல. தளத்துக்கும் சுவருக்கும் இடையே கிடைக்கோடாக ஓடுவது, கூரை வெயிலில் விரிவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுபோல் செங்கல் இணைப்புகளின் வழியே ஏறினால் கடைக்கால் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று கேட்கவேண்டும். களிமண் பகுதிகளில் மழைக்கு மண் உப்பிக் கோடையில் சுருங்குவதால் இது நடக்கும். வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் கலவை வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுவது பழைய உத்தி. சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று பொருள். தளத்தின் அடியில் கம்பி ஓடும் வழியிலேயே வெடித்துக் காரை உதிர்ந்தால் விஷயம் வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. மேலே பூசி மறைப்பது வியாதியைப் போர்வையால் மூடுவதுபோல்.

மேலே மாடி கட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நம் ஊரில் பாதி மொட்டை மாடிகளில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மகன் சம்பாதித்து மேலே கட்டுவான் என்ற நம்பிக்கையில் விட்டவை. புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு இணைக்க, கம்பித் தடிமனைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு நீளம் இரண்டும் ஒட்டி ஓடவேண்டும். பதினாறு மில்லிமீட்டர் கம்பிக்கு அது இரண்டரை அடிக்குப் பக்கம். விட்டுவைத்தது ஒரு அடியாக இருந்தாலோ, இருபது வருஷ மழையில் பாதியாக மெலிந்திருந்தாலோ பயனில்லை. கம்பி நீட்டிக்கொண்டிருப்பதால் கடைக்காலும் இரண்டு மாடிக்குப் போட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. தோண்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பாரம் தாங்குமா தாங்காதா என்ற எல்லையில் இருக்கும் வீடுகளுக்கு இலேசான பொருள்களை யோசிப்பார்கள். ஏஏசி எனப்படும் காற்றுக்குமிழிக் கான்கிரீட் பிளாக் செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பரப்பிய இரண்டு உத்திகளும் இங்கே உதவும். ஒன்று, செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. செங்கல் கால்வாசி மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். இன்னொன்று, தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட்டுக்குப் பதில் பழைய ஓடுகளை வைப்பது. தளம் வளையும்போது அடிப்பாகம் இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தைத்தான் ஓடு நிரப்புகிறது.

பாரத்தைப் போலவே காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் ஒரு வழியில்தான் நடக்கின்றன. அக்ரகாரத்து வரிசை வீடுகளில் பக்கத்துச் சுவர் பொதுச் சுவர். ஜன்னல் வைக்க இடமில்லை. நடு முற்றம்தான் மூக்கும் கண்ணும். மழைத் தண்ணீர் தெறிக்கிறது, திருடன் இறங்குகிறான் என்று அதைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மூடிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வெயில் உள்ளே வருகிறது, சூடான காற்று மேலே ஏறி வெளியேற வழி இல்லை. வீடு அடுப்பாகிவிடும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால், மூடியைச் சுவரிலிருந்து ஓரடி உயர்த்தி நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விடச் சொல்வார்கள்.

சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கோடையில் நம்மை வாட்டுவது முதலில் கூரை, அடுத்தது மேற்குச் சுவர். தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போட்டால் போதும். மேற்கில் மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து சன்ஷேடுக்கு அடியிலேயே நுழைந்துவிடும். அங்கே நிற்கும் தடுப்போ, மரமோ, மாடிப்படியோ, குளியலறையோ வைப்பதுதான் புத்திசாலித்தனம். வாஸ்து பார்ப்பவர்கள் சமையலறை தென்கிழக்கில் வேண்டும் என்பார்கள். சென்னையில் பிற்பகல் கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. மீன் வறுத்தால் வீடு முழுக்க மணக்கும். பிடித்தவர்களுக்கு அது குறையல்ல.

நல்ல ஆர்க்கிடெக்ட் படம் போடுமுன் விசித்திரமான கேள்விகள் கேட்பார். காலையில் முதலில் எழுவது யார்? மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது? பொங்கலுக்கு எத்தனை பேர் வந்து தங்குவார்கள், எங்கே படுப்பார்கள்? கிரைண்டர் எங்கே நிற்கிறது? சமையல் மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் முழங்கையிலிருந்து கணக்கிட வேண்டும்; கொத்தனார் வழக்கமாக வைக்கும் உயரம் என்று ஒன்று இருக்கிறதே, அது யாருடைய முதுகுக்கும் பொருந்தாது.

சிறிய வேலை என்று தோன்றுவதில்தான் சிக்கல் அதிகம். பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டுவதைப் பாருங்கள். இரண்டு அங்குலக் கலவையோடு போட்டால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடும். ஆட்களுக்கும் சாமான்களுக்கும் ஒதுக்கியதில் பாதியைத் தரையே தின்றுவிட்டது. கதவின் அடியை அறுக்கவேண்டும். குளியலறைத் தரை ஹாலுக்குச் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியே நடக்கும். மாடிப்படியில் கீழ்ப்படி மட்டும் இரண்டு அங்குலம் குட்டையாகும். ஏறும்போது கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. ஒன்று மாறினால் தடுக்கும். மெல்லிய டைல்ஸைப் பசையில் ஒட்டினால் இந்தத் தொல்லைகள் பெருமளவு குறையும், பழைய தரை கெட்டியாகவும் மட்டமாகவும் இருந்தால்.

புதிய வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். புதுப்பிக்கும் வேலைக்கு அது ஒத்துவராது. பூச்சைப் பெயர்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே அளந்து விலை போட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது எதிர்பாராததற்கு என்று ஒதுக்கி வைப்பதே நடைமுறை. 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். சுவரை எடுப்பது, மாடி கட்டுவது என்றால் அவரோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரும் நேரில் வந்து பார்க்கவேண்டும். மாடிக்கு அனுமதியும் வாங்கவேண்டும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. பைப்பும் ஒயரும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி வைத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்து டிரில் மெஷினோடு வருபவர், தண்ணீர்ப் பைப்பில் ஓட்டை போடாமல் போவார்.