மணல் குக்கரில் நெய் பிஸ்கட்

வேலையை விட்டுட்டு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சாமான்களைப் பிரிக்கும்போது அம்மாவோட பழைய குக்கர் கிடைத்தது. அம்மா இருந்தவரைக்கும் அதில்தான் மணல் கொட்டி, கேஸ்கட்டும் விசிலும் இல்லாமல் மூடி, நெய் பிஸ்கட் சுடுவாங்க. புது வீட்டில் முதல் பலகாரம் அதுவாகவே இருக்கட்டும்னு இறங்கினேன்.

இதன் மூத்த உறவு சூரத்து நான்கட்டாய். 'நான்' என்றால் பாரசீகத்தில் ரொட்டி. 2 கப் மைதா, 1 கப் பொடித்த சர்க்கரை, 1 கப் உறைந்த நெய், ஏலக்காய், அவ்வளவுதான். தண்ணீர் கூடாது. தண்ணீர் பட்டால் மைதாவில் குளூட்டன் இறுகி சப்பாத்தி மாவு மாதிரி இழுக்கும். நெய் மாவுத்துகளைப் பூசிக்கொள்வதால்தான் பிஸ்கட் வாயில் உதிர்கிறது.

முதல் தட்டு அப்பளமாகப் பரவிவிட்டது. காரணம் சேலத்து வெயில். நெய் 35 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். ஏப்ரல் மதியம் சமையலறையே அந்தச் சூடுதான். அம்மா ஏன் விடியற்காலையில் மாவு பிசைஞ்சாங்க என்று இப்போதுதான் உறைத்தது. அடுத்த தடவை உருண்டைகளை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, சிம்மில் சுட்டேன். வடிவம் நின்றது.

எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும். வேகலையோன்னு மறுபடி வைக்காதீங்க. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

ருசி அம்மா கையில் வந்தது இல்லை. அவங்க அளவு எதையும் எழுதி வைக்கலை. நான் குறித்துக்கொண்டேன்: ஏலக்காய் குறைக்கணும். மிச்சத்தை டப்பாவில் போட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பத்து நாளில் இன்றைக்குத்தான் அவங்க பேரைக் கேட்டேன்.