இரண்டு குசினி, ஒரே தரை

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பி ஜன்னலால் போகாது. தரையோடு படர்ந்து பள்ளம் தேடும். கிழக்கிலங்கையின் வெருகலில் வீடு திருத்துகிறவர்கள் சுவர் எழுப்ப முன் இதை மனதில் வைத்தால் பாதிப் பிழை வராது.

போருக்குப் பின் கிழக்கில் உதவித் திட்டங்களால் எழுந்த வீடுகள் சிறியவை. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். பரப்பளவு சுமார் 550 சதுர அடி. அதற்குள் விறகு எரித்தால் படுக்கையறை வரை கரிதான். அதனால்தான் பின்பக்கம் பத்தி இறக்கி, மீன் கழுவுவதும் தேங்காய் துருவுவதும் பொரிப்பதும் அங்கே. தேத்தண்ணியும் பிரிட்ஜும் உள்ளே. 2022இல் கேஸுக்கு நாடே வரிசையில் நின்றபோது அந்தப் பத்திதான் சோறு போட்டது. இப்போது கையில் காசு சேர்ந்ததும் பத்தியைக் கல்லால் கட்டி, நடுச்சுவரை உடைத்து வாசல் வைக்கிறார்கள். ஆபத்து அந்த வாசலில் இருக்கிறது.

உள்ளே சிலிண்டர். வெளியே, ஒரு படி இறங்கி, விறகடுப்பு. இரவில் குழாய் கசிந்தால் விடிய எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்தான் அதை முதலில் அறிவார். சிலிண்டரை அடுப்படிக்கு எதிர்ப்பக்கத்து வெளிச்சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். அந்தச் சுவரில் நிலமட்டத்தில் காற்றுத் துவாரம் விடுங்கள். நடுவாசலே வேண்டாம், சுற்றிப் போகும் வழி போதும் என்பேன். நடை கூடும் என்று வீட்டிலே முணுமுணுப்பு வரும், வரட்டும். 2021 இறுதியில் ஊர் ஊராகக் கேஸ் அடுப்புகள் வெடித்ததை விசாரித்த குழு, புரோப்பேன் பியூட்டேன் கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. சிலிண்டருக்குள் என்ன கலவை என்பது நம் கையில் இல்லை. சிலிண்டர் இருக்கும் இடம் நம் கையில்.

புகையும் சின்ன விஷயமல்ல. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கச்சான் காற்று அடிக்கும் பக்கத்தில் அடுப்படி கட்டினால் புகை முழுக்க வீட்டுக்குள்தான் வரும். புகைக்கூடு கூரைக்கு மேலே போகவேண்டும்.

மகாவலியின் கிளையோரம் இருப்பவர்களுக்கு வெள்ளம் தெரியாததல்ல. பிளக்கை உயரத்தில் வையுங்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஈரக் குசினிக்கு மின் இழுக்காதீர்கள். கழிவுநீர்க் குழி கிணற்றுக்குத் தூரமாக, மூடியோடு இருக்கட்டும். தேங்கிய நீரில் நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவுக்காரரே பொறுப்பு.

கடதாசி வேலைக்கு வருவோம். அத்திவாரம் வெட்ட முன் பிரதேச சபையில் அனுமதி பற்றிக் கேளுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்; ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் அந்த எல்லை உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை நீளலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். வடக்கு கிழக்கில் அது உங்கள் உரிமை. பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கோவை எந்த மேசையில் கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

ரெகுலேட்டர், குழாய், சிங்க் எது வாங்கினாலும் பில் எடுங்கள். பழுதென்றால் 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். விபரம் கேட்க 1977. மேசனுக்கு முழுக்காசையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னால் அலைகிறவர்கள் அதிகம். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சண்டை வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, அந்தத் தாள் தேவைப்படும்.