பால்மா டின்னும் வங்கிப் புத்தகமும்

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், மண்சரிவால் லயத்தை இழந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் தற்காலிக வீடுகளுக்கு நாம் போயிருந்தோம். மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி தன்னுடைய பால்மா டின்னை எடுத்துவந்து காட்டினாள். மூடியில் கத்தியால் கீறிய துவாரம். அசைத்துப் பார்த்தோம், சத்தமில்லை.

"முந்தி அறுநூத்தி நாப்பது ரூவா இருந்திச்சு சாமி. அப்பா எடுத்துட்டாரு" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள். இனி கையில் இருபது ரூபா கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டோம். கடைக்கு ஓடுவேன் என்று சிரித்தாள்.

பக்கத்தில் நின்ற தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காசு அரிசிக்குப் போயிற்று. அவரைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. ஆனாலும் அன்று அந்த வீட்டில் செலவானது 640 ரூபா மாத்திரமல்ல என்றே எமக்குத் தோன்றியது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, கையில் கண்டதும் டொபிக்கும் பிஸ்கட்டுக்கும் பறக்கிறார்கள்" என்று பெற்றோர் பலர் எம்மிடம் முறையிடுவதுண்டு. இது பிள்ளையின் குணக்கேடுதானா? அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு பரிசோதனை 2013இல் வெளியானது. மூன்று முதல் ஐந்து வயது வரையான 28 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். முதலில் படம் வரைய பழைய வர்ணப் பென்சில்களைக் கொடுத்து, "சற்றுப் பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் ஒருவர் வாக்குக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மற்றப் பிரிவினரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார். பின்னர் எல்லோருக்கும் ஒரு மிட்டாயை வைத்து, பதினைந்து நிமிடம் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேர் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேர் காத்திருந்தது மூன்று நிமிடமே. கடைசிவரை பொறுத்திருந்தவர்கள் முதற் பிரிவில் ஒன்பது பேர், இரண்டாம் பிரிவில் ஒருவர்.

இரண்டாம் பிரிவுக் குழந்தைகளைப் பொறுமையற்றவர்கள் என்று சொல்வது சரியா? அவர்கள் புத்தியோடுதான் நடந்தார்கள். வராத ஒன்றுக்காகக் கையிலிருப்பதை ஏன் விடவேண்டும்? எமது பிள்ளைகளோ வர்ணப் பென்சிலை மட்டுமா இழந்திருக்கிறார்கள்? 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்து, யுத்தத்தால் அங்கிருந்தும் பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எம்மிடையே உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாடே பார்த்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மழை மலையகமெங்கும் மண்ணைச் சரித்தது. "அடுத்த மாதம் வீடு கிடைக்கும்" என்று கேட்டுக்கேட்டு வளரும் பிள்ளைக்கு "நாளைக்கு வை" என்ற சொல் எப்படி ஒலிக்கும்?

ஆகவே வங்கியைப் பற்றிச் சொல்லுமுன் வீட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளையின் டின்னில் கை வைக்கவேண்டாம் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். அடுப்பு எரியாத நாளில் அது நடக்கத்தான் செய்யும். ஆனால் எடுக்கும்போது கேட்டு எடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையென்றாலும் கூப்பிட்டு, "வீட்டில் அரிசி இல்லை, உன்னிடம் 300 ரூபா கடனாகக் கேட்கிறேன், சம்பளத்தன்று 100, அடுத்த மாதம் 200 தருவேன்" என்று சொல்லுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சொன்ன நாளில் சொன்னதைக் கொடுங்கள். முடியாவிட்டால் அன்றே போய், முடியவில்லை என்று சொல்லிப் புதிய நாளை எழுதுங்கள். கடன் என்றால் என்ன, தவணை என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன என்பதையெல்லாம் பிள்ளை அந்த ஒரு பக்கத்திலேயே படித்துவிடும். தாயும் தகப்பனும் தன்னிடம் கடன் கேட்டார்கள் என்பதில் பிள்ளைக்கு வரும் பெருமையையும் நாம் கண்டிருக்கிறோம்.

எழுத்தில் வைப்பதை நாம் வற்புறுத்துவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. எமது முன்னோரின் கடனும் எழுத்தில்தான் இருந்தது, ஆனால் அந்த எழுத்து அவர்கள் கையில் இருக்கவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளியின் கடனைக் குறித்துத் துரை கொடுத்த சீட்டைத் 'துண்டு' என்றார்கள். கங்காணி அந்தத் துண்டோடு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தீர்ந்துவிடாது, தோட்டம் மாத்திரம் மாறும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதே ஹட்டன் நகரில் 1888ஆம் ஆண்டிலேயே தோட்டத்துரைமார் ஒரு வங்கியைத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் பிறப்பு அதுதான். வங்கி எமது வாசலில் இருந்தது, எமது பாட்டன்மாருக்கோ துண்டுதான் கிடைத்தது. கடதாசியைக் கண்டால் எமது பெரியவர்கள் இன்றும் பின்வாங்குவதில் வியப்பில்லை. படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் சம்பளச் சீட்டை அதன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்காக 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 என்று சட்டம் சொல்கிறது. அம்மா கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு நாளும் தூரத்திலுள்ள ஒரு காலத்துக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளை அப்போதுதான் அறியும்.

இனி, சேர்த்த பணத்தை எங்கே வைப்பது? டின் கைக்கெட்டும், ஆனால் மண் சரிந்தால் போய்விடும். தோடும் சங்கிலியும் அப்படியே. சீட்டுப் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்த இடத்தில் சீட்டும் நின்றுபோனதைப் பலர் அறிவீர்கள். வங்கிக் கணக்கின் ஒரு பெரும் நன்மை, இடம்பெயர்ந்தோருக்கே விளங்கும் நன்மை, புத்தகம் மண்ணுக்குள் போனாலும் கணக்கு போகாது என்பது. அடையாளத்தை நிரூபித்துப் புதிய புத்தகம் பெறலாம்.

1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் 1885இல் வந்த தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியையும் வேறு சிலவற்றையும் இணைத்து 1972இல் தேசிய சேமிப்பு வங்கி உருவானது. அங்கே வைக்கும் பணத்துக்கும் வட்டிக்கும் அரசாங்கமே பொறுப்பென்று சட்டம் கூறுகிறது. தபாற்கந்தோர்களிலும் உப தபாற்கந்தோர்களிலும் அதன் வேலை நடப்பதால் பஸ் செலவும் குறையும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி எல்லாவற்றிலும் சிறுவர் கணக்குகள் உண்டு. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளில் வைப்புக் காப்புறுதியும் உண்டு. ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை அது ஈடுசெய்யும்.

சிறுவர் கணக்கிலுள்ள பணத்தைப் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை எடுக்க இயலாது. படிப்பு, வைத்தியம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள். நிலையான கூரை இல்லாத குடும்பம் எல்லாவற்றையும் அதில் பூட்டிவிடுவது புத்தியல்ல என்பது எமது எண்ணம். டின்னும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும்.

கணக்குத் திறக்கப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் அடையாள அட்டையும் வேண்டும். இங்கேதான் பலர் திரும்பி வருகிறார்கள். சான்றிதழ் வெள்ளத்தோடு போயிருக்கும், அல்லது அதில் ஒரு பெயரும் பாடசாலையில் இன்னொரு பெயரும் இருக்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுங்கள். எழுத்துப் பிழையிருந்தால் இப்போதே திருத்தத்துக்குக் கொடுங்கள். வங்கிக்காக அலைந்து பெற்ற அந்தப் பிரதி நாளை பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் உதவும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2022இல் என்ன நடந்தது? அவ்வாண்டு செப்டெம்பரில் பொருட்களின் விலை முந்திய செப்டெம்பரை விட நூற்றுக்கு ஏறத்தாழ 70 உயர்ந்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன் 10,000 ரூபா வைத்திருந்தவர், அதே பணத்தால் முன்பு சுமார் 5,900 ரூபாவுக்கு வாங்கிய பொருளைத்தான் வாங்க முடிந்தது. புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் பணம் இளைத்துவிட்டது. பிள்ளையிடம் இதை ஒளிக்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் இந்த பிஸ்கட் பக்கற் என்ன விலை என்று கேட்டாலே அதற்கு விளங்கிவிடும்.

சேமிப்பு ஒன்று, முதலீடு இன்னொன்று என்பதை விளக்க இதுவே நல்ல இடம். உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை. வீட்டில் எவ்வளவு பசியென்றாலும் விதைக்கிழங்கைக் கறிக்கு எடுக்கமாட்டீர்கள். மூடையில் கிடக்கும் கிழங்கு சேமிப்பு, மண்ணில் இட்ட கிழங்கு முதல். முன்னது அழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னது பெருகலாம், பனி விழுந்தால் கருகியும் போகலாம். பிள்ளைக்கு ஒரு கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுங்கள், இடம் இருந்தால் ஒரு பாத்தி லீக்ஸ் நட விடுங்கள். குஞ்சின் விலை, தீனிச் செலவு, விற்ற முட்டை, வீட்டுக்கு எடுத்த முட்டை எல்லாவற்றையும் பிள்ளையே எழுதட்டும். வீட்டுக்கு எடுத்த முட்டைக்கும் விலை போடச் சொல்லுங்கள். பெரியவர்களான நாமே மறக்கும் கணக்கு அது. கீரி பிடித்துக் கோழி செத்தால் உடனே இன்னொன்று வாங்கிக் கொடுக்க அவசரப்படவேண்டாம். எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்று ஒரு மாலை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே கோழியில் போடக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு வேறொருவர் வந்து சொல்லத் தேவையிராது.

எமது தவறொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சேமிப்புத் திட்டம் தொடங்கினோம். உற்சாகமூட்டுவதாக நினைத்துச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டி, அதிகம் சேர்த்தவருக்கு நட்சத்திரம் போட்டோம். இரண்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பையன் நட்சத்திரத்துக்காகத் தாயின் மடியிலிருந்து காசெடுத்து அடிவாங்கினான். யாரிடம் அதிகம் உண்டு என்பதைத்தான் நாம் கற்பித்திருந்தோம். அட்டவணையைக் கழற்றினோம். பிறகு தொகையைக் கேட்பதை விட்டு, எதற்காகச் சேர்க்கிறாய் என்று மட்டும் கேட்டோம். ஒருத்தி தங்கைக்குச் சப்பாத்து என்றாள். ஒருவன் பந்து என்றான். பந்தும் நல்ல காரணமே.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆளைச் சேர்த்துவிட்டால் பணம், அவர் ஆளைச் சேர்த்தால் மேலும் பணம் என்று கைத்தொலைபேசியில் வரும் பிரமிட் திட்டங்கள் இந்நாட்டில் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். நிவாரணப் பணம் கைக்கு வந்த குடும்பங்களையே இவர்கள் முதலில் தேடி வருகிறார்கள். இந்தப் பணம் எந்தக் கோழி இட்ட முட்டை என்று கேட்கப் பிள்ளையைப் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் சிறுமியின் தகப்பனோடு அன்று சற்று நேரம் பேசினோம். பழைய கொப்பியொன்றின் பின்பக்கத்தில் 640 என்று அவரே எழுதிக் கையெழுத்து வைத்தார். அண்மையில் மீண்டும் போனபோது முதலில் கொப்பியைத்தான் அவள் கொண்டுவந்தாள். 200 ஒரு தடவை, 100 ஒரு தடவை வந்திருந்தது. "இன்னும் முந்நூத்தி நாப்பது இருக்கு சாமி" என்றாள். "தீவாளிக்கு முந்தி குடுத்துருவேன்" என்று உள்ளேயிருந்து தகப்பன் குரல் கொடுத்தார். அவள் பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.