பறவைப் படத்துக்கு எத்தனை ஐ.எஸ்.ஓ.?

திருப்பத்தூரிலிருந்து ஏலகிரி மலைக்குப் போய், புங்கனூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஒரு மீன்கொத்தியைப் படம் எடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் எல்லாமே அருமை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு படத்தில்கூடப் பறவையின் கண் தெளிவாக இல்லை! ஐ.எஸ்.ஓ. குறைவாக இருந்தால் படம் சுத்தமாக வரும் என்று நம்பி, 100-லேயே வைத்திருந்ததுதான் தவறு.

சென்சார் தரும் சிக்னலைக் கேமரா எந்த அளவுக்குப் பெருக்குகிறது என்பதையே ஐ.எஸ்.ஓ. எண் காட்டுகிறது. இதை இரட்டிப்பாக்கினால் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கலாம். 300 எம்.எம். லென்ஸ், எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 100-ல் அன்று எனக்குக் கிடைத்தது 1/60 நொடி. அதே வெளிச்சத்தில் 200 வைத்தால் 1/125, 400 என்றால் 1/250, 800 என்றால் 1/500. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது போதும். பாய்ந்து மீன் பிடிப்பதை எடுக்க 1/2000 வேண்டும், அதற்கு 3200. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். பறவையின் அசைவை நிறுத்தாது.

ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளிகள் தெரியும்தான். ரா ஃபைலாக எடுத்தால் அவற்றை மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். அசைந்து கலங்கிய கண்ணை அப்படி மீட்க முடியாது.

எனவே மேனுவல் மோடில் எஃப் 5.6, ஷட்டர் 1/500 என வையுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வைத் தேர்வு செய்து, உச்சவரம்பை 3200 என அமையுங்கள். வெயில் ஏற ஏற எண் தானாக இறங்கும். பிளாஷ் வேண்டாம், பறவை மிரளும்.

மலை ஏறும் முன் வீட்டு வாசலில் காக்கையை எடுத்துப் பழகுங்கள். அன்றே கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பார்த்துவிடுங்கள்.