அணையின் ஆபத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

மாணவர்களே, இரண்டு மண் அணைகளைக் கற்பனை செய்து பாருங்கள். முதல் அணையின் கரையில் விரிசல்கள் தெரிகின்றன. ஆனால், அதன் கீழே வெறும் புல்வெளிதான். இரண்டாவது அணை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. அதன் கீழே ஒரு பள்ளியும் சில வீடுகளும் உள்ளன. இவற்றுள் எதற்கு 'அதிக ஆபத்து' என்ற தரம் கிடைக்கும்?

இரண்டாவது அணைக்குத்தான்!

அமெரிக்காவில் அணைகளைக் குறைந்த ஆபத்து, குறிப்பிடத்தக்க ஆபத்து, அதிக ஆபத்து என மூன்றாகப் பிரிக்கிறார்கள். அணை உடைந்தால் என்ன பாதிப்பு நேரும் என்பதே இங்கே கேள்வி. ஓர் உயிராவது பறிபோகக்கூடும் என்றால் அது 'அதிக ஆபத்து'. உயிருக்குப் பாதிப்பில்லை, சேதமும் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் 'குறைந்த ஆபத்து'. அணை உறுதியாக உள்ளதா என்பதைத் தனியே சோதித்து, அதற்கு வேறொரு தரம் தருவார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்நாட்டு அணைகளில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தமானவை. அவற்றுள் பல, மண்ணைக் குவித்து இறுக்கிக் கட்டிய சிறிய அணைகள்.

சிறியது என்றால் பயமில்லையா? நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று படித்திருப்பீர்கள். 10 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறக்குறைய 10 டன் எடைக்குச் சமமான விசையுடன் நீர் அழுத்துகிறது.

மண் அணை பெரும்பாலும் இரண்டு வழிகளில் உடைகிறது. ஒன்று, கனமழையில் நீர் கரையைத் தாண்டி வழிவது. வழியும் நீர் மண்ணை அரித்துப் பள்ளம் பறிக்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக மேலும் நீர் பாயும், அரிப்பும் வேகமெடுக்கும். இதைத் தடுக்கவே, மிகுதி நீர் பத்திரமாக வெளியேற ஒரு தாழ்வான வழியை அமைக்கிறார்கள். மற்றொன்று, கசிவு. மர வேர்களும் விலங்குகளின் வளைகளும் நீருக்குப் பாதை திறந்துவிடும். கசியும் நீர் கலங்கலாக வந்தால், அது கரையின் மண்ணை உள்ளிருந்தே அடித்து வருகிறது என்று பொருள்.

ஹவாயின் கவாய் தீவில் உள்ள கா லோக்கோ அணை, கரும்புத் தோட்டப் பாசனத்திற்காக 1890-இல் கட்டப்பட்டது. பின்னாளில் அது தனியார் வசம் இருந்தது. 'குறைந்த ஆபத்து' என்றே பட்டியலிடப்பட்டிருந்தது. ஆனால், அதன் கீழே மக்கள் குடியிருந்தார்கள். தொடர்மழைக்குப் பிறகு 2006 மார்ச் 14 அதிகாலையில் அணை உடைந்தது. 7 பேர் உயிரிழந்தனர். மிகுதி நீர் வெளியேறும் வழி மூடப்பட்டிருந்தது பின்னர் பெரும் கேள்வியானது. அடுத்த ஆண்டே ஹவாய் புதிய அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

ஆகவே, ஆபத்துத் தரம் ஒருமுறை எழுதி வைத்துவிடும் மதிப்பெண் அல்ல. அணையில் ஒரு பிடி மண்கூட நகராவிட்டாலும், கீழே ஒரு வீடு எழும்பினால் தரத்தை மறுபடியும் கணக்கிட வேண்டும்.

நீங்களும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். எந்த நீர்த்தேக்கத்தின் கரையிலாவது கலங்கிய நீர் கசிவதைக் கண்டால், கிட்டே போய்ப் பார்க்காதீர்கள். உடனே மேடான இடத்திற்குச் சென்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்.